மூணு மணி மாத்திரை

பஸ் இன்னும் கிளம்பவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பொன்மலைப்பட்டி வண்டி உறுமிக்கொண்டே நின்றது, டிரைவர் கீழே இறங்கி டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார், அவருக்கென்ன, அவர் வீட்டிலா ஒருத்தி பொய் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். தமயந்தி ஜன்னலோரத்தில் வலது கையை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கைக்குள் ஒரு மாத்திரை. வெள்ளையாக, சட்டைப் பொத்தான் அளவுக்கு. மூன்று மணிக்கு அவள் புருஷன் தாயுமானவன் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டியது, மணி நாலேகால் ஆகியும் அவள் உள்ளங்கையில் வேர்த்துக்கொண்டிருக்கிறது. வேண்டுமென்றா செய்தாள்? இல்லை. ஆமாம். இல்லை. தூங்கி எழுந்து வந்தவர் முகம் கழுவினார், கண்ணாடி முன்னால் நின்றார், காலையில் சவரம் செய்த மோவாயை மறுபடி ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டார், சரி, அதுவரைக்கும் ஒன்றுமில்லை, அவளும் ஒரு கையில் தண்ணீர் டம்ளரும் ஒரு கையில் மாத்திரையுமாகத்தான் வந்தாள், ரெண்டு வருஷமாக வேளை தவறாமல் வருகிற மாதிரி. அப்புறம் பீரோவைத் திறந்து அந்தச் சந்தனக் கலர் சட்டையை எடுத்தாரே, அங்கேதான் வந்தது வினை. போன தீபாவளிக்கு அவள் எடுத்துக் கொடுத்த சட்டை. நான் இதை எங்கே போட்டுக்கப்போறேம்மா, டெப்போவுக்குக் காக்கிதானே என்று மடிப்புக் கலையாமல் வைத்திருந்த சட்டை. பொத்தானைப் போட்டுக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், “மாத்திரை போட்டேனா?” என்று கேட்டார். “போட்டாச்சே,” என்றாள். அவ்வளவுதான். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது, கை தானாக மூடிக்கொண்டது, தண்ணீரை அவளே மடக் மடக்கென்று குடித்துவிட்டாள். அவரும் நம்பிவிட்டார். தூக்கக் கலக்கத்தில் எது உள்ளே போனது எது போகவில்லை என்று அவருக்கு என்றைக்கும் நினைவிருந்ததில்லை, அதெல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள், அவள் போட்டாச்சு என்றால் போட்டாச்சு. செருப்பை மாட்டிக்கொண்டு, “வர்றேம்மா,” என்று கிளம்பிப் போயே போய்விட்டார்.

டிரைவர் ஒருவழியாக ஏறினார். பின்னால் கண்டக்டர் விசில் கொடுத்தான். இளவட்டம், கன்னம் நிறையக் காற்று, ஊதினால் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிறது. கேட்டதும் தமயந்திக்கு வயிறு எரிந்தது. விசில் என்றால் தாயுமானவன் விசில், அதைக் கேட்காதவர்களுக்கு விசிலைப் பற்றி என்ன தெரியும். இருபத்து நாலு வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். உறையூரிலிருந்து டைப்ரைட்டிங் கிளாஸுக்கு அவர் வண்டியில்தான் அவள் போவாள், அவள் இறங்குகிற ஸ்டாப் வந்தால் ஒரு நீளம், இரண்டு குட்டை என்று ஊதுவார், தனக்காகவே ஊதுகிறார் என்று நினைத்து நினைத்துப் பூரித்து, கல்யாணமே அந்த விசிலில்தான் முடிவானது. கல்யாணம் முடிந்து ஒரு மாசம் கழித்துத்தான் தெரிந்தது, எல்லா ஸ்டாப்புக்கும் அவர் அப்படித்தான் ஊதுவார் என்று. அன்றைக்கே அவளுக்கு ஆற்றாமைதான், சிரித்து மழுப்பிவிட்டாள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அந்த விசில் ஊதவில்லை. காலை நடையில் கணீரென்று ஊதிய மனுஷன், மாலை நடையில் ஊதினால் வாயோரமாகக் காற்று புஸ்ஸென்று போகிறது, உதடு குவிய மாட்டேன் என்கிறது. இவர் தண்ணியடித்திருக்கிறாரோ என்று டிரைவர் மோந்து பார்த்தாராம். மறுநாள் காலையில் பழையபடி கணீர். சாயங்காலம் புஸ். அப்புறம் வலது கண் இமை இறங்கியது, அப்புறம் எதைப் பார்த்தாலும் ரெண்டாகத் தெரிந்தது, ஒரு கை நீட்டினா ரெண்டு கை நீளுதே, எந்தக் கையில் டிக்கெட்டைக் கொடுக்கிறது என்று வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கையில் ஒயரை ஒட்டிக் கரண்டு கொடுத்துப் பார்த்தார்கள், விரல் துள்ளத் துள்ளத் திரையில் கோடு எழும்பியது, முதல் கோடு உயரம், அடுத்தது அதைவிடக் குட்டை, அடுத்தது இன்னும் குட்டை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை உயரவாரியாக நிறுத்தின மாதிரி. மயஸ்தீனியா என்று ஒரு பேர் சொன்னார் டாக்டர். “நரம்புல கோளாறு இல்லம்மா, சதையிலயும் கோளாறு இல்ல. நரம்பு அனுப்புற சேதி சதைக்குப் போய்ச் சேர மாட்டேங்குது. சேதி வாங்குற வாசலை அடைச்சு வச்சிருக்கு. அடைச்சது அவரோட ரத்தமேதான், வெளியாள் இல்ல.” தாயுமானவன் அந்த நிலைமையிலும், “கண்டக்டர் விசில் ஊதுறான், டிரைவர் காதுல விழல, அதானே சார்?” என்று கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டார். மாத்திரை போட்டால் அந்தச் சேதி சட்டென்று கலைந்து போகாமல் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்று தட்டுமாம், தட்டத் தட்டச் சதை எழுந்துகொள்ளுமாம், நாலு மணி நேரத்துக்கு ஒருதரம், வேளை தவறக்கூடாது. தவறினால்? தவறினால் முழுங்க முடியாது, ரொம்பத் தவறினால் மூச்சு விடுகிற சதையும் படுத்துக்கொள்ளும் என்றார். அதை அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

வண்டி மெயின்கார்டு கேட்டில் ஆட்களை அள்ளிக்கொண்டது. பக்கத்தில் ஒரு அம்மாள் கூடையோடு வந்து உட்கார, தமயந்தி நகர்ந்து இடம் கொடுத்தாள், கொடுத்ததும் அந்தப் பெஞ்சு ஞாபகம் வந்து தொலைத்தது. எல்லாம் அந்தப் பெஞ்சில்தான் ஆரம்பித்தது. நரம்பு டாக்டர் அறைக்கு வெளியே சுவரோரமாகப் போட்ட நீளப் பெஞ்சு, இந்தக் கோடியில் தாயுமானவன், நடுவில் தமயந்தி, அந்தப் பக்கம் ஒரு பொம்பளை, பச்சைப் பூப்போட்ட சேலை, கழுத்தில் மெல்லிசாகச் சிலுவைச் செயின், கையால் மோவாயைத் தாங்கிக்கொண்டிருந்தாள். ஏதோ யோசனை போல என்று தமயந்தி நினைத்தாள். யோசனையும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, தாங்காவிட்டால் தாடை தொங்கிவிடும். அவள் தமயந்தியைத் தாண்டி எட்டிப் பார்த்து, “சார், உங்களுக்குச் சாயங்காலம்தானே?” என்று கேட்டாள். அதுதான் ரெஜினா. தாயுமானவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஊரில் இருக்கிறவனெல்லாம் தூக்கம் இல்லையா, சுகரா, சரக்கா என்றுதான் அதுவரை கேட்டிருக்கிறான், சாயங்காலமா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. “ஆமாங்க, நாலு மணிக்கு மேல இமையைத் தூக்க முடியல.” “எனக்கு வாய். நாலு பேர்கிட்டப் பேசினா அஞ்சாவது ஆளுக்கு மூக்காலதான் பேச்சு வரும். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல இருந்தேன், அதுல வாய் போனா என்ன வேலை, எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்.” “தலை சீவுறப்போ கை?” “தூக்கின கை தன்னால இறங்கிடும்!” “இறங்கிடும்ல!” என்று ரெண்டு பேரும், என்னமோ ஒரே தெருக்காரர்கள் பம்பாயில் சந்தித்துக்கொண்ட மாதிரி. அப்போதுதான் அவர் சொன்னார், “தமா, நீ கொஞ்சம் இந்தப் பக்கம் வாயேன்.” அவள் எழுந்தாள். எழுந்து கோடிக்கு வந்தாள், அவர் நடுவுக்கு நகர்ந்துகொண்டார். யாராவது பிடித்து இழுத்தார்களா? இல்லை. அவள் நரம்பு நல்ல நரம்பு, அவள் சதை நல்ல சதை, வா என்றதும் சேதி போய்ச் சேர்ந்து எழுந்துவிட்டது. ஏன் எழுந்தாய் என்று ஒன்றரை வருஷமாகத் தன்னையே கேட்கிறாள். உட்கார்ந்தே இருந்திருக்கலாம். கால் மரத்துப்போச்சுங்க என்று சொல்லியிருக்கலாம்.

அப்புறம் என்ன, செவ்வாய், வியாழன், சனி. டெப்போவில் உட்காருகிற வேலையாக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், காலை ஆறுக்குப் போனால் ரெண்டுக்கு வந்துவிடுவார், சாப்பாடு, ஒரு தூக்கம், மூணு மணி மாத்திரை, உடனே பொன்மலைப்பட்டி. “அவங்களுக்கும் யாரும் இல்ல தமா, தனியா இருக்காங்க. எனக்கும் இந்த வியாதியைப் பத்திப் பேச ஒரு ஆள் வேணும்ல.” ஆரம்பத்தில் அவளும் ரெண்டு தரம் கூடப் போனாள். அவர்கள் இமையையும் தாடையையும் பற்றிப் பேசினார்கள், இட்லியா தோசையா எது தொண்டையில் இறங்குது என்று பேசினார்கள், அவள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்துவிட்டு வந்தாள். என்னத்தைச் சொல்வது, எனக்கு எல்லாம் நன்றாக இருக்கிறதே என்று கூச்சமாகக்கூட இருந்தது. உலகத்தில் எந்தப் பெண்டாட்டிக்காவது இப்படி ஒரு பொறாமை வருமா? ஒருத்தி சிவப்பாக இருக்கிறாள் என்று பொறாமைப்படலாம், சின்ன வயசு என்று பொறாமைப்படலாம். தமயந்திக்கு வந்தது, அவளுக்கு அந்த வியாதி இருக்கிறதே, எனக்கு இல்லையே என்று. வெளியில் சொன்னால் காறித் துப்புவார்கள். ஒருநாள் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று ஒரு கண்ணை மட்டும் பாதி மூடிப் பார்த்தாள், மோவாயைத் தொங்கவிட்டுப் பார்த்தாள், வரவில்லை, குரங்கு மாதிரி இருந்தது, அழுகை வந்துவிட்டது. அந்த மாத்திரை எப்போது வேலை செய்யும் என்று டாக்டரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். போட்டு முக்கால் மணியில் இமை எழும்பும், நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை மனுஷன் பழைய மனுஷன், பேச்சு கணீர், கண் ரெண்டும் மலர்ந்து இருக்கும், அந்த ஒன்றரை மணி நேரத்தை அப்படியே கொண்டுபோய் அங்கே கொட்டிவிட்டு, ஆறரைக்கு இவளிடம் வரும்போது இமை தொங்கும், வாய் கோணும், “பேச வரலம்மா, அப்புறம் பேசலாம்” என்று சாய்ந்துவிடுவார். பந்தி முடிந்து வருகிற இலைதான் அவளுக்கு. சிரித்தாவது எத்தனை நாளாச்சு. சிரிப்பு வந்தால் உதடு மேலே போகாமல் பல்லைக் காட்டி உறுமுகிற மாதிரி ஆகிறது என்று தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வாயை மூடிக்கொள்வார். நான் உங்கள் பெண்டாட்டிதானே, எனக்கு முன்னால் எதற்கு மூடுகிறீர்கள் என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை.

ஐஸ் கட்டி ஒன்றுதான் அவளுடையது. டாக்டர் முதல் நாள் சோதனைக்காக அவர் இமை மேல் ஐஸ் வைத்தார், ரெண்டே நிமிஷம், இமை ஜம்மென்று எழுந்துகொண்டது, குளிர்ந்தால் சேதி போய்ச் சேருமாம். அதைப் பார்த்துவைத்துக்கொண்டு வந்து, தினம் சாயங்காலம் ஃப்ரிட்ஜில் தட்டு நிறைய ஐஸ் பிடித்து வைத்து, கைக்குட்டையில் சுற்றி, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு இமை மேல் ஒற்றுவாள். தண்ணீர் காதோரமாக வழியும். எடுத்தால் கண் திறந்து அவளைப் பார்க்கும், நேராக, முழுசாக, ஒரு நிமிஷமோ ரெண்டு நிமிஷமோ, அப்புறம் மெல்ல இறங்கும். அந்த ரெண்டு நிமிஷத்துக்கு அவள் பகல் பூராவும் காத்திருப்பாள். பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள், “போதும் தமா, தலை வலிக்குது. நீ என்னைப் பார்க்கல, இமையைத்தான் பார்க்குறே,” என்றார். அன்றோடு சரி. அந்த ரெஜினா வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று தமயந்தி இப்போது யோசித்தாள். இருந்தது. சின்னது, மேலே ஒரு மாதா படம். யோசித்துவிட்டு, சீ என்றாள், பக்கத்து அம்மாள் கூடையை இழுத்து வைத்துக்கொண்டாள்.

பாலக்கரை தாண்டியதும் வண்டி ஊர்ந்தது. கையைத் திறந்து பார்த்தாள், மாத்திரையின் ஓரம் வேர்வையில் லேசாகக் கரைந்து உள்ளங்கை ரேகையில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. மறுபடி மூடிக்கொண்டாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான், யாரிடம், தன்னிடம்தான், நாக்கு தானாகச் சொல்லவில்லை. விழட்டும் என்றுதான் சொன்னாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவள் முன்னால் இமை விழட்டும், வாய் கோணட்டும், சந்தனக் கலர் சட்டையில் எச்சில் வழியட்டும், நான் தினம் பார்க்கிறதை அவளும் பார்க்கட்டும், வெட்கப்பட்டு எழுந்து வந்துவிடுவார், அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். மூன்றேகாலுக்கு இப்படி நினைத்துச் சந்தோஷமாகத்தான் இருந்தது. முருங்கைக்கீரையை உருவ உட்கார்ந்தாள். உருவ உருவ, போன மாசம் ரசம் சாதம் புரையேறிய ராத்திரி ஞாபகம் வந்தது, கண் பிதுங்கி, கழுத்து நரம்பு புடைத்து, இவள் முதுகில் அடி அடி என்று அடித்து, அதற்கப்புறம் ஒரு வாய் சாதம் வாங்க அவர் பயந்தாரே, அது. அந்தப் பொம்பளை வீட்டுக்குப் போனால் சும்மாவா இருப்பார்கள், டீ கொடுப்பாள், ரஸ்க் கொடுப்பாள், மாத்திரை போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் அவரும் வாயில் போட்டுக்கொள்வார். தைரியம் கொடுத்தது யார்? போட்டாச்சே என்று சொன்ன மகராசி யார்? போன் அடித்தாள், அவர் போன் அலமாரியிலேயே சார்ஜில் கிடந்து அடித்தது. ரெஜினா நம்பர் அந்தப் போனுக்குள், போனைத் திறக்கக் கோடு போட வேண்டும், என்ன கோடு என்று அவளுக்குத் தெரியாது. தெரியாது! அதற்கும் ஒரு நிமிஷம் நின்று எரிச்சல்பட்டாள், புருஷன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கலாம், இவளுக்குக் கோடு தெரியவில்லை என்று எரிச்சல். கீரையைப் போட்டது போட்டபடி ஓடிவந்தாள். உறையூரிலிருந்து சத்திரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து இது, இது நகர மாட்டேன் என்கிறது.

பொன்மலையில் ரயில்வே ஒர்க்‌ஷாப் விட்ட நேரம், சைக்கிளும் பைக்குமாக ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது கூட்டம். கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டே இருந்தான். எத்தனை ஊதினாலும் நகர இடமில்லை. இந்நேரம் விழுந்திருக்கும், வலது இமை முதலில், அப்புறம் இடது, இப்போது தாடை, இப்போது டீயை எடுப்பார், முழுங்கு என்று மூளை சொல்லும், தொண்டை காதில் வாங்காது. அப்புறம்? ரெஜினா என்ன செய்வாள், அவர் முதுகைத் தட்டுவாள், தட்டட்டும், தட்டிக் காப்பாற்றட்டும் மாதாவே, அவளே தட்டட்டும், மடியில்கூடப் போட்டுக்கொள்ளட்டும், இல்லை, மடி வேண்டாம், முதுகை மட்டும் தட்டட்டும். இந்த நேரத்திலுமா இப்படிப் பேரம் பேசுகிறாய் பாவி என்று தன்னையே வைதுகொண்டு, “எறங்கிக்கிறேன் தம்பி, நிறுத்துங்க,” என்று கண்டக்டரைப் பார்த்துக் கத்தினாள். நின்ற வண்டியை எப்படி நிறுத்துவது என்று அவன் சிரித்தான். இறங்கிக் கூட்டத்தை எதிர்த்து நடந்தாள், பாதி ஓடினாள்.

ரெஜினா வீடு தெருக்கோடியில் கீழ்ப் போர்ஷன். வாசல் கதவு திறந்திருந்தது. படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே ஒரு சத்தம், உறுமுகிற மாதிரி, மூக்கால் காற்று விடுகிற மாதிரி, கூடவே இன்னொன்று அதே மாதிரி. திணறுகிறார் என்று உள்ளே பாய்ந்தாள். திணறவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார்கள். ரெண்டு நாற்காலியில் எதிரும் புதிருமாக, தாயுமானவனுக்கு ரெண்டு இமையும் முக்கால்வாசி விழுந்து, உதடு மேலே ஏறாமல் பல் மட்டும் தெரிய, கன்னம் ரெண்டும் தொங்க, அந்தத் தொங்கின முகத்தோடு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். ரெஜினா கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு, அதுவும் நழுவி நழுவிப் போக, அவளும் அப்படியே. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் காட்டிச் சிரிக்கிறார்கள். துண்டு அவர் தோளில் சும்மா கிடந்தது. நல்ல முகத்தை இங்கே கொண்டுவந்து கொட்டுகிறார் என்று ஒன்றரை வருஷமாக வெந்தாளே, நல்ல முகம் யாருக்கு வேண்டும் இங்கே. இந்த முகத்தை, இத்தனை விழுந்தும் மூடாமல் சிரிக்கிற முகத்தை, தமயந்தி ஒரு நாளும் பார்த்ததில்லை. யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரிந்து அவர் ஒரு விரலால் வலது இமையைத் தூக்கிப் பார்த்தார். தமயந்தி. சிரிப்பு அப்படியே நின்றது. இன்னொரு கை துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டது. அது அவள் நெஞ்சில் கல்லால் அடித்த மாதிரி இருந்தது.

“அக்கா, வாங்க வாங்க, பயந்துட்டீங்களா?” ரெஜினாவின் பேச்சு மூக்கால், மெதுவாக வந்தது, ஒவ்வொரு வார்த்தைக்கும் தாடையைக் கையால் தூக்கிக் கொடுத்தாள். “உள்ள வரும்போதே கண்ணைப் பார்த்தேன். கண்டக்டர் சார் மாத்திரை போட்டாச்சுங்கறார். போட்டவங்க கண்ணா இது? டீயைக் கையில தொட விடல. என் நாலு மணி மாத்திரையைப் போடாம வச்சுக்கிட்டு அரை மணி கெஞ்சினேன், அப்புறம்தான் வாங்கிக்கிட்டார். பத்து நிமிஷம் ஆச்சு. இன்னும் அரை மணியில எழும்பிடுவார்.”

“உங்களுக்கு?” என்றாள் தமயந்தி.

“கடைசி ஒண்ணுதான் இருந்துச்சு. மெடிக்கல்ல சொல்லியிருக்கேன், ஏழு மணிக்குக் குடுத்தனுப்புவாங்க. அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருந்தாப் போச்சு.” சிரிக்கப் பார்த்தாள். “நீங்க போட்டாச்சுன்னு சொன்னீங்களாம். மறந்திருப்பீங்க. ஒரு ஆளா எவ்வளவுதான் பார்ப்பீங்க.”

கை மூடியே இருந்தது. மூடியே வைத்திருக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அரை மணியில் அவர் எழுந்துகொள்வார், இவள் இப்படியே தொங்கிக்கொண்டு கிடப்பாள், ஏழு மணி வரைக்கும் வாய் திறக்க மாட்டாள், அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். மறந்துவிட்டேன் என்று சொன்னால் போதும், அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். தமயந்தி அவரைப் பார்த்தாள். இமையைத் தூக்கிப் பிடித்த விரல் நடுங்கியது, விரலுக்கும் வலு போய்க்கொண்டிருந்தது, ஆனாலும் எடுக்காமல் அவளையே பார்த்தார்.

“மறக்கல,” என்றாள். “நான்தாங்க குடுக்கல. கையிலயே வச்சுக்கிட்டுப் போட்டாச்சுன்னு பொய் சொன்னேன்.” கையை விரித்துக் காட்டினாள். “பொறாமை. வேற ஒண்ணும் இல்ல. உங்க மேல இல்லீங்க, இவங்க மேல,” என்று ரெஜினாவைக் காட்டினாள்.

தாயுமானவன் துண்டுக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். வெறும் காற்றும் மூக்குமாகத்தான் அவளுக்குக் கேட்டது, ஒரு வார்த்தை பிடிபடவில்லை. ரெஜினாவுக்குப் பிடிபட்டுவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. “அவர் என்ன சொல்றார்னா அக்கா,” என்று தாடையைத் தூக்கினாள்.

“நீங்க சொல்லாதீங்க,” என்றாள் தமயந்தி. “எனக்குச் சொன்னதை அவரே சொல்லட்டும். எவ்வளவு நேரமானாலும் நான் இருக்கேன்.”

சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் மோந்து வந்தாள். ரெஜினாவின் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் அந்த மாத்திரையை வைத்தாள். “ஓரம் கரைஞ்சுபோச்சு. பரவாயில்ல, போடுங்க.” ரெஜினா அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டாள், தலையைப் பின்னால் சாய்த்துக் கஷ்டப்பட்டு விழுங்கினாள், விழுங்கி முடிக்கும்வரை தமயந்தி அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். எரிச்சலாகத்தான் இருந்தது. எரிச்சல் எங்கே போகும். மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து, ரெண்டு நாற்காலிக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். சுவரில் மணி அஞ்சு. இன்னும் இருபத்தைந்து நிமிஷம். அதற்கப்புறம் அந்த நல்ல நேரம் வரும், இமை எழும்பும், வாய் கூடும், குரல் கணீரென்று வரும், முதல் வார்த்தை அவளுக்குத்தான். திட்டத்தான் போகிறார். ஏன்டி இப்படிப் பண்ணினே என்று கேட்கத்தான் போகிறார், இத்தனை வருஷத்தில் கேட்காததையெல்லாம் கேட்பார். கேட்கட்டும். இமை இறங்குகிற வரைக்கும் திட்டட்டும். கை நீட்டி அவர் வாயிலிருந்த துண்டைப் பிடித்தாள். ஒரு நிமிஷம் அவர் விடவில்லை. அப்புறம் விட்டார், வலு இல்லாமல் விட்டாரா, விட வேண்டும் என்று விட்டாரா, தெரியவில்லை. துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.